ஒரே நாளில் பிறந்தவர்கள்

மூத்தவர்களுக்கு முதலிடம் என்ற விதியை வெப்பக் காப்பு வாரியத்தில் எடுத்துச் சொன்னவள் நிறைமதிதான். நல்ல மனசு என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்கு முந்தைய கோடைவரை, குளிர்கூடங்களில் முந்தி வந்தவர்களுக்கே இடம். சங்கு ஊதியதும் இளவட்டங்கள் ஓடிவந்து நிறைத்துவிடுவார்கள். தடி ஊன்றி நடந்து வருகிறவர்கள் வந்து சேரும்போது கதவு மூடியிருக்கும். கொதிநாள் என்று அறிவித்துவிட்டால் வெளிக்காற்று நெருப்பைவிட மோசம். ஈரம் நிறைந்த அந்தச் சூட்டில் வியர்வை உலராது. உடம்பு உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். அந்தத் துறைமுக நகரில் முந்தைய கோடையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அதைப் பார்த்துத்தான் நிறைமதி அந்த விதியைச் சொன்னாள். கதவுகளுக்குப் பின்னால் ஓடும் குவெரியையும், அதாவது யாரை உள்ளே விடலாம் என்று கணினியில் கணக்குப் போடும் கட்டளையையும், அவளே எழுதினாள்.

கோடைக்கு முன்னால் ஒரு காலையில், சோதனைக்காக உப்பளத்தை ஒட்டிய கூடத்துக்குப் போயிருந்தாள். தரையோடு தரையாக ஒரு இரும்புக் கதவு, அதற்குக் கீழே படிகள், அடியில் நீளமான கூடம். வாசலில் இரண்டு பனைமரங்கள். கடல் காற்றில் அவற்றின் காய்ந்த ஓலைகள் ஓயாமல் உரசிக்கொண்டிருந்தன. கதவு மூடியதும் அந்தச் சத்தம் கத்தரித்தாற்போல நின்றது.

கூடத்தின் காப்பாளர் அந்தோணிக்கனி. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து. ஊரே கனியக்கா என்று கூப்பிடும். வந்தவளுக்கு ஒரு செம்புத் தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினாள்.

“மேடம், இந்தக் கதவுக்கு யாரு மூத்தவுகன்னு எப்படித் தெரியும்? பல்லப் புடிச்சுப் பாக்குமோ?”

“கார்டுல பிறந்த தேதி இருக்குல்லக்கா” என்றாள் நிறைமதி. அவள் திண்டுக்கல்காரி. இந்தப் பக்கத்துப் பேச்சு அவளுக்கு இன்னும் புதிதாகத்தான் இருந்தது. “சங்கு ஊதினதும் எல்லாரும் இந்த மேடையில ஏறி இறங்குவாங்க. அது அவங்க உடம்புச் சுமையை அளந்துரும்.”

“எடையா?”

“எடை மட்டும் இல்ல. ஒரு ஆள் உள்ள வந்தா அவர் சூட்டையும் மூச்சையும் மெஷின் தணிக்கணும்ல? அதுதான் சுமை. குண்டா இருந்தா கூட வரும், காய்ச்சல்னா இன்னும் கூட.”

“அப்ப நான் ஒருத்தியே ரெண்டு ஆளு.”

நிறைமதி சிரித்தாள். “அப்புறம் மூத்தவங்களை முன்னால வச்சு, அடுத்தடுத்து வயசு குறைஞ்சவங்களை வரிசையா நிறுத்தி, சுமையைக் கூட்டிக்கிட்டே வருவோம். முதல் ஆளோட சுமை, அதோட ரெண்டாவது ஆளோடது, அதோட மூணாவது ஆளோடது. எங்க ஆபீஸ்ல ரன்னிங் டோட்டல்னு சொல்லுவோம். உங்க குடியிருப்புக்கு ஒதுக்கின அளவைத் தொடுற வரைக்கும் பச்சை விளக்கு. தாண்டிட்டா சிவப்பு.”

“இதே கூடத்துக்கு வார பெரிய தெருக்காரன், உப்பளத்து ஆளுக எடத்தையும் சேத்துத் தின்னுர மாட்டானா?”

“மாட்டான். குடியிருப்பு மாறினா கூட்டல் மறுபடி சுழியத்துல இருந்து தொடங்கும். அவங்க கணக்கு அவங்களுக்கு, உங்க கணக்கு உங்களுக்கு.”

“நான் இந்தக் குடியிருப்பு இல்ல தாயி. நான் குருசடித் தெரு. எங்க கூடம் கோயிலுக்குப் பின்னால இருக்கு. இங்க வேலைக்கு வாரேன், அவ்வளவுதான்.”

“காப்பாளருக்குத் தனியா ஒரு இடம் உண்டுக்கா.”

கனியக்கா கதவைத் தட்டிப் பார்த்தாள். “முன்னால இதுக்கு ஒரு கைப்பிடி இருந்துச்சே.”

“எடுத்தாச்சு. போன வருஷம் ஒரு கூடத்துல ஏதோ பெரிய மனுஷன் ஆளுக கைப்பிடியைத் திருகி அத்தனை பேரையும் உள்ள விட்டு, காத்து கெட்டு, உள்ள இருந்தவங்களும் மயங்கிட்டாங்க. இனி கார்டு பச்சைன்னாத்தான் திறக்கும். இல்லைன்னா உள்ள இருந்து ஒருத்தர் வெளிய போகணும், வெளிய இருந்து ஒருத்தர் வரலாம். வெளிய போன கார்டு அன்னைக்குத் திரும்பத் திறக்காது.”

“ஏன் அப்படி?”

“இடத்தை விக்கிறாங்கக்கா.”

“விப்பானுவ, விப்பானுவ” என்றாள் கனியக்கா. “காப்பாளருக்கும் அதே சட்டமா?”

“எல்லாருக்கும்தான்.”

அப்போது உப்பளத்திலிருந்து வேலை முடிந்து நாலைந்து பேர் வந்தார்கள். பாதமெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. முன்னால் வந்த அம்மாளின் பெயர் பேச்சித்தாய். எழுபதைத் தாண்டிய உடம்பு; இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். பின்னால் அவளுடைய தம்பி சுடலைக்கண்ணு. கனியக்கா அவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்தாள்.

“மேடம், இந்த அதிசயத்தக் கேளுங்க. இந்த அக்காளும் தம்பியும் ஒரே நாள்ல பொறந்தவுக.”

“ரெட்டைப் பிள்ளைங்களா?”

“ரெட்டையா? இவன நான் இடுப்புல தூக்கிச் சுமந்திருக்கேன்” என்றாள் பேச்சித்தாய். “எங்க ஊர்ல பள்ளிக்கூடத்த மூடப் போறதாச் சொன்னாவ. ஒண்ணாங்கிளாஸ்ல புள்ள இல்லையாம். பெரிய வாத்தியாரு நல்ல மனுசன். உப்பளத்துல திரிஞ்ச எல்லாத்தையும் ஒரே நாள்ல புடிச்சாந்து ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டாரு. எவளுக்குப் பொறந்த தேதி தெரியும்? எல்லாத்துக்கும் ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. வருசமும் ஒண்ணே.”

“குடியிருப்புல பாதிக்கு மேல அன்னைக்குத்தான் பொறந்திருக்காவ” என்றாள் கனியக்கா. “அன்னைக்கு அத்தன பேறுகாலம் பாத்த மருத்துவச்சி எப்படித்தான் தாங்கினாளோ!”

எல்லோரும் சிரித்தார்கள். நிறைமதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கருப்பட்டியை வாயில் அதக்கிக்கொண்டே வண்டி ஏறினாள். குவெரியைச் சோதிக்க அவள் கணினியிலேயே உருவாக்கியிருந்த ஆயிரக்கணக்கான பொய்ப் பெயர்களுக்கு, பொய்ப் பிறந்த தேதிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு தேதி.

*

அந்தக் கோடையின் முதல் கொதிநாள் சித்திரை முடிவதற்கு முன்பே வந்தது. காலையிலேயே சங்கு ஊதிவிட்டது. பிள்ளைகளும் கைக்குழந்தைக்காரிகளும் பள்ளிக்கூடத்துக் கூடங்களுக்குப் போனார்கள். உப்பளத்து இளவட்டங்கள் பிழைப்புக்காக எப்போதோ வெளியூர் போயிருந்தார்கள். மற்றவர்கள் அவரவர் கூடத்து வாசலில் மேடை ஏறி இறங்கினார்கள். வாரிய அலுவலகத்தின் பெரிய திரையில் கூடங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. நிறைமதி மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

உப்பளத்துக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

“மேடம், நான் கனி. ஒங்க கதவு என்ன செய்யுது? நாலஞ்சு கிழடுகள உள்ள விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் செகப்பு காட்டுதே!”

“ஒதுக்கீடு முடிஞ்சிருக்கும்க்கா.”

“என்னத்த முடிஞ்சுது? நான் உள்ள நின்னு பாக்கேன். உப்பளத்து ஆளுகளுக்குன்னு போட்ட பெஞ்சு முச்சூடும் காலியா கெடக்கு. அவிய வெளிய வெயில்ல நிக்காவ. பேச்சித்தாய் பனைமரத்துல சாஞ்சுட்டா.”

நிறைமதி உப்பளக் குடியிருப்பின் வரிகளைத் திரையில் இறக்கினாள். மூத்தவர்கள் சிலரின் கூட்டல் ஒழுங்காக ஏறியது. அதன் பிறகு ஒரே எண். அடுத்த வரியிலும் அதே எண். அதற்கடுத்த வரியிலும் அதே. ஒதுக்கீட்டைவிடச் சற்றே பெரிய ஒரு எண், கண்ணுக்கு எட்டிய வரை மாறாமல் இறங்கிக்கொண்டே போனது. பக்கத்தில் பிறந்த தேதி: ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று.

வாயில் கருப்பட்டியின் ருசி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மேலதிகாரி தனராஜின் அறைக்கு ஓடினாள்.

“சார், குவெரியில ஒரு சொல் விட்டுப்போச்சு. இப்பவே சேர்க்கணும்.”

“கொதிநாள் நடுவுலயா?” தனராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன ஆச்சு, நிதானமாச் சொல்லும்மா.”

“ஒரே தேதி உள்ளவங்க வந்தா, மெஷினுக்கு யார் முன்னால யார் பின்னாலன்னு தெரியாது சார். ஒவ்வொரு ஆளாக் கூட்டுன்னு நாம சொல்லலைன்னா, அத்தனை பேரையும் சமம்னு ஒரே கட்டாக் கட்டிக் கூட்டிரும். பஸ்ல ஒவ்வொருத்தரா ஏறினா இடம் இருக்குற வரைக்கும் ஏறலாம். எல்லாரும் கைகோத்துக்கிட்டு ஒரே ஆளா வாசல்ல நின்னா? கண்டக்டர் மொத்தமா எண்ணிப் பார்த்துட்டு, இடமில்ல, எல்லாரும் இறங்குன்னு சொல்லிருவாரு. அப்படித்தான் ஆயிருக்கு.”

“எத்தனை ஆள் கூடுதல்?”

“மொத்தமாப் பார்த்தாக்கூட அரை ஆள் சுமைதான் சார் கூடுதல். அந்த அரை ஆளுக்காக அத்தனை பேருக்கும் சிவப்பு.”

தனராஜ் கண்ணாடியை மறுபடி மாட்டினார். “இதே குவெரிதான் எல்லாக் கூடத்துக்கும் ஓடுது. நீ இங்க ஒரு சொல்லைச் சேர்த்து அங்க ஒரு கதவு திறந்துக்கிட்டா? எங்கம்மா நாலாம் கூடத்துல இருக்காங்க. எல்லார் வீட்டு அம்மாவும் ஏதோ ஒரு கூடத்துல இருக்காங்க. மாத்தணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும்.”

“அதுவரைக்கும் அவங்க வெயில்ல நிப்பாங்களா சார்?”

“குளிர் வேனை அனுப்பு. சிவப்பு நிக்கிற இடத்துக்குத்தானே அது போகும்?”

வேன் கிளம்பியிருந்தது. நகரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். ஏறினாலும் பத்துப் பேர்தான் ஏறலாம்.

கையெழுத்துக்காக நிறைமதி மாடிக்கும் கீழுக்கும் அலைந்தாள். ஒருவர் கூட்டத்தில் இருந்தார். இன்னொருவர், சோதித்த தாளைக் காட்டு என்றார். அவள் சோதித்துக் காட்டினாள். தப்பு என்று யாரையும் சொல்ல முடியாது. எல்லோரும் பயந்தவர்கள், பயப்படக் காரணம் இருந்தவர்கள். தனராஜே கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “ஆண்டவரே” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இடையிடையே கனியக்கா அழைத்தபடி இருந்தாள். ஒவ்வொரு முறையும் பின்னணியில் யாராவது பேசுவது கேட்கும்.

“மேடம், துணிய நனச்சு நனச்சுப் போடச் சொல்லுதேன். கதவுல உள்ள சின்ன மூடிய எஞ் சாவியால தொறந்து செம்ப நீட்ட முடியுது, ஆளத்தான் நீட்ட முடியல.”

“ஏ கனி, ஒன் கதவுக்கு எங்க மேல என்ன கோவம்?” என்று வெளியிலிருந்து ஒரு கிழவரின் குரல்.

“கோவம் இல்ல மாமா, பாசம். ஒங்க எல்லாத்தையும் பிரிக்க மனசில்லையாம். ஒரே வயத்துப் புள்ளையளாம்!”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

நிறைமதி அந்தச் சொல்லைச் சேர்த்தாள். குவெரியை மறுபடி ஓட்டினாள். உப்பளத்து வரிகளில் எண்கள் படிப்படியாக ஏறத் தொடங்கின. ஒன்று, அதற்கு மேல் ஒன்று. சிவப்பு விளக்குகள் பச்சையாகிக்கொண்டே வந்தன. அவள் அழுதுவிட்டாள்.

கடைசியில் ஒரே ஒரு சிவப்பு நின்றது.

காலையிலேயே வரிசையாகக் கூட்டியிருந்தால் அரை ஆள் சுமைதான் மிஞ்சியிருக்கும்; உள்ளே யாராவது சூடு தணிந்தாலே அந்த ஒருவருக்கும் இடம் வந்திருக்கும். ஆனால் இவ்வளவு நேரம் வெயிலில் நின்ற உடம்புகள் கொதித்துப்போயிருந்தன. மறுபடி ஏறி இறங்கியபோது மேடை அந்தச் சூட்டையும் சுமையாக அளந்தது. ஒவ்வொருவரும் கொஞ்சம் கூடுதலாகிவிட்டார்கள். ஒரே தேதிக்காரர்களில் யார் முன்னால், யார் பின்னால் என்று நிறைமதி எதுவும் எழுதவில்லை. இயந்திரம் கைக்கு வந்தபடி ஒரு வரிசையை எடுத்துக்கொண்டது. அந்த வரிசையின் கடைசியில் இருந்தது பேச்சித்தாய்.

நிறைமதி தொலைபேசியை எடுத்தாள். எண்ணை அழுத்தும் முன்பே அந்தச் சிவப்பும் பச்சையானது. உப்பளக் குடியிருப்பு, வெளியே நிற்பவர்கள்: சுழியம்.

யாரோ ஒருவர் சூடு தணிந்திருப்பார், சுமை குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் கூப்பிட்டாள்.

“அக்கா, எல்லாரும் உள்ளயா?”

“உப்பளத்து ஆளு ஒருத்தருகூட வெளிய இல்ல தாயி.”

“பேச்சித்தாய் அம்மா?”

“உள்ள பெஞ்சுல படுத்திருக்கா. மாத்திரை குடுத்தாச்சு.” கனியக்காவின் குரல் சற்றே மூச்சு வாங்கியது. அவள் படியேறி இறங்கியிருப்பாள். பின்னால் என்னவோ உரசுகிற சத்தம். “ஒங்களுக்குப் புண்ணியமாப் போச்சு. மாதா ஒங்களுக்குத் துணையிருப்பா. வேன் வருதுல்லா?”

“வந்துக்கிட்டே இருக்குக்கா. கவலைப்படாதீங்க.”

“சரி தாயி. நீங்க போயி ஒரு வாய் சாப்புடுங்க.”

நிறைமதி தொலைபேசியை வைத்தபோது திரையில் வேனின் சின்னம் உப்பளச் சாலையின் முனையில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பியது. அங்கே சிவப்பு இல்லையே, வேறு எங்கோ யாருக்கோ உதவட்டும் என்று நிறைமதி சந்தோஷப்பட்டாள். பக்கத்து மேசையில் அடுத்த கூடத்தின் அழைப்பு மணி அடித்தது. அவள் அதை எடுத்தாள்.

*

ஒரு வாரம் கழித்து பேச்சித்தாயும் சுடலைக்கண்ணும் வாரிய அலுவலகத்துக்கு வந்தார்கள். பிறந்த தேதி திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. உப்பளத்துக்காரர்கள் ஆளுக்கொரு தேதியைச் சொன்னால் கார்டில் மாற்றித் தருவார்கள்; இனிமேல் அந்தக் குழப்பம் வராது என்று அறிவித்திருந்தார்கள்.

கனியக்கா இறந்த செய்தி நிறைமதிக்கு அதற்கு முன்பே தெரியும். கொதிநாளில் குருசடித் தெருவில் ஒருவர் சாவு என்று அறிக்கையில் வந்திருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நடந்திருக்கும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நிறைமதி அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

“எங்க செத்தா தெரியுமா?” என்றாள் பேச்சித்தாய். “எங்க பனைமரத்தடியில.”

நிறைமதி அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

“எல்லாரும் உள்ள போயாச்சு. எனக்கு மட்டும் செகப்பு. நான் வெளிய கெடக்கேன். கதவு தொறக்குது, அவ வாரா, தலையில நனச்ச துண்டு. நான் கேட்டேன், ஏட்டி, நீ எதுக்கு வாரன்னு. வேன் வருதாம்லா, அதுல ஏசில சும்மா சொகமாப் போவேன், நீங்க எல்லாம் உள்ள கூட்டத்துல வேர்த்துக்கிட்டு கெடங்கன்னா. என்னப் புடிச்சுத் தள்ளுதா தாயி. தள்ளிட்டா. கதவு மூடிட்டு.”

“அக்கா எங்கிட்ட போன்ல சொல்லலையே…”

“சொன்னா நீங்க மறுபடி கையெழுத்து வாங்கப் போவீகன்னு சொன்னா. அந்தப் புள்ள காலையிலிருந்து ஒரு வாய் சாப்புட்டிருக்காது, அதப் போட்டு வாட்டாதீகன்னு சொன்னா.”

நிறைமதிக்கு அந்த உரசல் சத்தம் நினைவுக்கு வந்தது. பூமிக்கடியில் இருக்கிற கூடத்தில் ஓலைச் சத்தம் கேட்காது. கதவு மூடினால் அது நின்றுவிடும். அவளே காதால் கேட்டறிந்த விஷயம். கனியக்கா வெளியே நின்றுதான் பேசியிருக்கிறாள். வெளியே நின்றுதான், வேன் வருதுல்லா என்று கேட்டிருக்கிறாள்.

“வேன் வரல” என்றாள் பேச்சித்தாய். “நாங்க அவ வேன்ல போயிட்டான்னு நெனச்சோம். உள்ள இருந்து வெளிய தெரியாதுல்லா, அந்த மூடிச் சாவியும் அவ இடுப்போட போயிட்டு. செல்போனெல்லாம் அந்தச் சூட்டுல தானா அமந்துரும். சாயங்காலம் கதவு தொறந்து பாத்தா, ஜெபமாலையக் கையில சுத்திக்கிட்டு இருக்கா. தூங்குத மாதிரி.”

 சுடலைக்கண்ணு தரையைப் பார்த்தபடி சொன்னார்: “நான் எந்திரிச்சேன் மேடம். எங்கக்கா வெளிய கெடக்கான்னதும் எந்திரிச்சேன். காலு வரல. அதுக்குள்ள அவ போயிட்டா.”

பேச்சித்தாய் தம்பியின் தோளில் கை வைத்தாள். அதற்கு மேல் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நிறைமதி கணினியைத் திருப்பினாள். எல்லாம் இருந்தது. காப்பாளரின் கார்டு வெளியே போன நேரம், உடனே பேச்சித்தாயின் கார்டு உள்ளே வந்த நேரம். ஆனால் வெளியே போன அந்தக் கார்டு குருசடித் தெருவுக்கு உரியது. அந்தத் தெருவின் கணக்கில் அது போய் உட்கார்ந்திருந்தது. குருசடித் தெருவின் கூடத்தில் அன்று பாதி இடம் காலி. இடம் காலியாக இருக்கும் தெருவில் ஒருவர் வெளியே நின்றால் இயந்திரம் அதைச் சிவப்பாகக் காட்டாது. வேனுக்குச் சொல்லவும் சொல்லாது. அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். அவங்க கணக்கு அவங்களுக்கு, உங்க கணக்கு உங்களுக்கு.

அறிக்கையில் இரண்டு வரிகள் இருந்தன. உப்பளக் குடியிருப்பு: உயிரிழப்பு இல்லை. குருசடித் தெரு: ஒருவர், தமது கூடத்தில் இடமிருந்தும் செல்லாத தனிநபர் கவனக்குறைவு. முதல் வரிக்காக உப்பளத்துக் கூடத்தை முன்மாதிரிக் கூடம் என்று அறிவித்து, கதவில் மாட்ட ஒரு பலகையும் செய்யக் கொடுத்திருந்தார்கள்.

“எங்க தேதிய நாங்க மாத்தல” என்றாள் பேச்சித்தாய். “அந்த வாத்தியாரு எங்கள நல்லதுக்குத்தான் ஒண்ணாச் சேத்தாரு. அது ஒங்க மிசினுக்குப் பிடிக்கலன்னா அத மாத்துங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அவள எங்க ஊர்ல எழுதுங்க. எங்க செத்தாளோ, யாருக்காகச் செத்தாளோ, அங்க எழுதுங்க. அவ்வளவுதான்.”

மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கருப்பட்டி. “இனி வாசல்ல நாங்கதான் குடுக்கோம். அவ வழக்கத்த விடக்கூடாதுல்லா.”

*

தனராஜ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கண்ணும் கலங்கியது. அவருடைய அம்மா நாலாம் கூடத்தில் பிழைத்திருந்தார்.

“கார்டுல என்ன விலாசமோ அதுதாம்மா குழு” என்றார். “இறந்தவங்க கார்டைத் திருத்த வழியில்ல. திருத்தினா உப்பளத்துச் சுழியம் போயிரும். சுழியம் போனா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. குவெரியில சொல் விட்டுப்போனது வெளிய வரும். உன் பேர் வரும்.”

“வரட்டும் சார்.”

“என் பேரும் வரும்.”

 அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். நீ எதையும் செய்யாதே என்று சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை.

அன்று அவள் குவெரியில் இரண்டு மாற்றங்களுக்கு எழுதிக் கொடுத்தாள். தேதி ஒன்றாக இருந்தால் உடம்பு நலிந்தவர் முன்னால். வெளியே நிற்கும் ஆள் எந்தத் தெருவாக இருந்தாலும், எந்த வாசலில் நிற்கிறாரோ அந்த வாசலின் கணக்கு. முதலாவதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது பரிசீலனையில் இருக்கிறது.

மேலே ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று நம்புகிறவள் நிறைமதி. தினமும் குளித்துவிட்டு விளக்கேற்றாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டாள். இப்போதும் நம்புகிறாள். அவரும் வாரியம் மாதிரித் தெருத்தெருவாகப் பிரித்து எழுதுகிறாரா என்ற ஒரு சந்தேகம் மட்டும் விளக்கின் முன்னால் நிற்கும்போது அவளுக்கு வந்துவிடுகிறது.

இறந்தவர் கார்டைத் திருத்த முடியாது. ஆனால் அறிக்கைக்குப் போகும் பட்டியலில் ஒரு வரியை ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு நகர்த்த அவளுக்கு அனுமதி இருக்கிறது. தினமும் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு அந்தோணிக்கனியின் வரியைக் குருசடித் தெருவிலிருந்து எடுத்து உப்பளத்தில் வைக்கிறாள். உப்பளக் குடியிருப்பின் உயிரிழப்பு சுழியத்திலிருந்து ஒன்றாகிறது. எதிர் அறையில் தனராஜ் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

மாலையில் கார்டு விலாசங்களை வைத்து எல்லாப் பட்டியலும் மறுபடி தானாகச் சரிபார்க்கப்படும். அந்த வரி பிழை என்று கண்டுபிடிக்கப்பட்டு குருசடித் தெருவுக்கே திரும்பிப் போய்விடும். உப்பளத்தில் மறுபடி சுழியம். மறுநாள் காலையில் அவள் மறுபடி மாற்றுவாள்.

முன்மாதிரிப் பலகை மாட்டியாயிற்று. அதைத் துடைத்து வைப்பது இப்போது சுடலைக்கண்ணுவின் வேலை. அவர்தான் புதிய காப்பாளர், கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் நிறைமதி மாற்றிவிட்டாள். மாலை வரைக்கும் கனியக்கா உப்பளத்து ஆள்.